ரோப் லேனில் காய்த்த முகங்கள்

பூசணிக்கொடியில் தபால்காரி ஐலாவின் முகம் காய்த்திருப்பதைச் சென்னியப்பன் பார்த்தது ஆகஸ்ட் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால் மணிக்கு, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது. பூ உதிர்ந்து நாலு நாள்கூட ஆகாத பிஞ்சு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், உடம்பெல்லாம் மெல்லிய ரோமம். அதில் ஐலாவின் நெற்றிச் சுருளும், உருண்டை மூக்கும், சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் விழுகிற குழியும், மோவாய்க்குக் கீழே ஒளிந்திருக்கிற மச்சமும், யாரோ பொறுமையாக உட்கார்ந்து நகத்தால் கீறிவிட்டதைப் போல அச்சு அசலாக இருந்தன. அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்து இன்னொரு முறை பார்த்தார். பிறகு வீட்டுக்குள் தலையை நீட்டி, "அம்மணி, நம்ம போஸ்ட்டுக்காரப் புள்ள காய்ச்சிருக்குது, வந்து பாரு" என்றார். ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்த அவர் மனைவி கோகிலவாணி கொட்டாவி விட்டபடியே வந்து குனிந்து பார்த்தாள். "பிஞ்சு மேல தண்ணி படாம ஊத்துங்க, அழுகிப் போயிரும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள்.

அவர்கள் ஸ்காட்லாந்துக்கு வந்து அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது. மகள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த கையோடு, இருபது வருஷம் நர்ஸாக இருந்த கோகிலவாணி ஒரு பரீட்சை எழுதினாள், இன்னொரு பரீட்சை எழுதினாள், கடைசியில் கிர்க்வேன் என்ற கடலோரச் சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் வேலை வாங்கிவிட்டாள். காங்கேயம் பஸ் நிலையத்துக்கு எதிரில் முப்பது வருஷமாகக் கருகிய மோட்டாருக்குச் செப்புக்கம்பியில் காயில் கட்டிக்கொண்டிருந்த சென்னியப்பன், கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். வந்தவர்களுக்கு ரோப் லேனில் நாலாம் நம்பர் வீடு கிடைத்தது. மொத்தம் பதினோரு வீடுகள் உள்ள தெரு, சாம்பல் நிறக் கல்லில் கட்டிய வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் பாயை விரித்தது மாதிரி ஒரு தோட்டம். வீட்டைப் பார்த்ததும் கோகிலவாணிக்குப் பிடித்துவிட்டது. தோட்டத்தைப் பார்த்ததும் சென்னியப்பனுக்கும் பிடித்ததுதான், ஆனால் தெரு அவருக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் மற்ற பத்து வீட்டிலும் ஜன்னல் திரை ஆடியதே தவிர ஒரு கதவும் திறக்கவில்லை.

இத்தனை கண்ணும் ஒரே நாளில் பட்டால் குடும்பம் என்னத்துக்கு ஆகும் என்று, பால் காய்ச்சிய அன்றைக்கே திருஷ்டி கழித்துவிட வேண்டும் என்றார் அவர். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய் அபர்டீனில் ஒரு கடையில் வெள்ளைப் பூசணிக்காய் வாங்கிவந்தார்கள். தலைப்பக்கம் ஓட்டை போட்டுக் குங்குமம் நிறைத்து, மேலே கற்பூரத்தை ஏற்றி, கோகிலவாணியையும் வீட்டையும் சேர்த்து மூன்று சுற்று சுற்றினார். ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி முடித்தும் அவருக்கு ஆறவில்லை. அசலூரில் இதெல்லாம் செல்லுபடி ஆகுமோ ஆகாதோ என்ற சந்தேகத்தில், ஒன்றாம் நம்பர் வீட்டுக் கண்ணு, இரண்டாம் நம்பர் வீட்டுக் கண்ணு என்று பதினொன்று வரைக்கும் போய், சிவப்பு வேனில் வரும் தபால்காரி கண்ணு, சர்ச் சாமியார் கண்ணு, மீன்கடைக்காரர் கண்ணு என்று ஊரையே கூப்பிட்டு அந்தக் காய்க்குள் அடைத்தார். தெருமுனையில் போட்டு உடைக்கத்தான் ஆசை. குங்குமம் தெறித்தால் யாராவது கொலை என்று போலீஸைக் கூப்பிடுவார்கள் என்று கோகிலவாணி தடுத்ததால், பின்பக்கத் தோட்டத்தில் ஒரு கல்லின்மேல் உடைத்தார்.

உடைத்த பிறகுதான் சிக்கல் வந்தது. அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் நாலு குப்பைத்தொட்டி, நாலுக்கும் நாலு நிறம். எந்தக் குப்பை எதில் என்று கவுன்சில்காரர்கள் அச்சடித்துக் கொடுத்த தாளை இருவரும் மாற்றி மாற்றிப் படித்தார்கள். முட்டை ஓடு இருந்தது, டீத்தூள் இருந்தது, நாய் முடிகூட இருந்தது, கண்ணேறு எந்தத் தொட்டியில் என்று மட்டும் எங்கேயும் போடவில்லை. நம் பக்கத்தில் சுற்றி உடைத்த பூசணியை யாரும் தொடமாட்டார்கள், தாண்டக்கூட மாட்டார்கள். அது நடுரோட்டில் கிடந்து, லாரி ஏறி, வெயிலில் சுருண்டு, தன்பாட்டுக்குப் போய்ச் சேரும். அதை ஒரு துண்டு விடாமல் பொறுக்கி, வேலியோரம் குழி தோண்டிப் புதைத்து, பழக்கதோஷத்தில் மேலே ஒரு வாளி தண்ணீரையும் ஊற்றிய ஆள் காங்கேயம் தாலூகாவிலேயே சென்னியப்பன் ஒருவராகத்தான் இருக்கும்.

மே மாதம் முளைத்தது, ஜூனில் கொடி ஓடியது, ஜூலையில் வேலியெல்லாம் இலையாக இருந்தது. குளிர் தேசத்தில் வெள்ளைப் பூசணி வராது என்று புத்தகத்தில் எழுதியிருப்பதாகக் கோகிலவாணியின் தலைமை நர்ஸ் சொன்னாள், கொடி அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. சென்னியப்பன் தினமும் காலையில் ஸ்டூலைப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அவருக்கும் வேறு வழியில்லை. காங்கேயத்தில் அவர் கடையிலிருந்து டீக்கடைக்கு நாற்பது அடி தூரம், அதைக் கடக்க அவருக்கு முக்கால் மணி நேரமாகும், அத்தனை பேர் நிறுத்திப் பேசுவார்கள். கிர்க்வேனில் கடற்கரை வரை இரண்டு மைல் போய் இரண்டு மைல் வந்தாலும் யாரும் நிற்பதில்லை, எதிரில் வருபவர் 'ஹலோ' என்று சொல்லி முடிப்பதற்குள் தாண்டிப் போயிருப்பார். எந்த மோட்டார் எந்தக் கிணற்றில் என்னைக்குக் கருகியது, எந்தக் கவுண்டர் பாதி ராத்திரியில் வந்து எழுப்பினார் என்கிற முப்பது வருஷப் பேச்சு முழுவதும் உள்ளே தேங்கிப் போய், அதை அப்படியே அந்தக் கொடிக்கு ஊற்றினார். பூசணிக்குப் பேச்சு பிடிக்கும்போல, அது கையை நீட்டி நீட்டிப் படர்ந்தது.

ஐலாவின் முகம் காய்த்த செய்தி தெருவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது, ஐலாவே வந்து பார்த்துவிட்டுப் போய் வீடு வீடாகத் தபாலோடு சேர்த்துக் கொடுத்திருந்தாள். (இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். அங்கே எல்லாரும் பேசியது ஸ்காட்லாந்துக்காரர்களின் இங்கிலீஷ், சென்னியப்பன் பேசியது தாராபுரம் ரோட்டு இங்கிலீஷ். ஆனால் அவர் காதுக்குள் நுழையும்போது எல்லாமே காங்கேயத்துப் பேச்சாக மாறித்தான் நுழைந்தது, நாமும் அப்படியே கேட்போம்.) வந்த ஐலா குந்தி உட்கார்ந்து தன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "ஏனுங்ணா, இந்த மச்சம் எங்கம்மாவுக்கு மட்டுந்தான் தெரியும், இதுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள். "அதக் கேட்டா சொல்லுமா அம்மணி, இத்தன நாளா நான்தான் பேசிட்டிருக்கறேன்" என்றார் அவர்.

அடுத்த வாரம் மூன்றாம் நம்பர் வீட்டு ஃபெர்கஸ் காய்த்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், நாற்பது வருஷத்துக்கு முன்னால் கால்பந்தில் உடைந்து ஒரு பக்கம் சாய்ந்த மூக்கு, அந்தச் சாய்வோடு காய்த்தது. அதற்கடுத்து ஒன்பதாம் நம்பர் வீட்டு அக்கா தங்கை இருவரும், ஒரு பியானோ யாருக்கு என்று சண்டை போட்டுப் பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் பேசாமல் இருந்தவர்கள், ஒரே கணுவில் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக் காய்த்தார்கள். பிரித்தால் இரண்டு காயும் போய்விடும் என்று சென்னியப்பன் கையை விரித்துவிட்டார். அக்கா காலையிலும் தங்கை மாலையிலும் தனித்தனியாக வந்து பார்த்தார்கள், ஒரு நாள் மழையில் இருவரும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டு ஒரே குடையில் நின்றார்கள், மறுநாளிலிருந்து சேர்ந்தே வந்தார்கள். சர்ச் சாமியார் தூங்குகிற முகத்தோடு காய்த்தார். அதைக் கண்டு சபையே சிரித்தும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை, கர்த்தர் மண்ணிலிருந்து முகம் செய்வது இது முதல் தடவை அல்ல என்று அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கமே செய்துவிட்டார். கவுன்சிலிலிருந்து ஒரு பெண் அதிகாரி படிவத்தோடு வந்து, வேலியின் உயரம், சத்தம், துர்நாற்றம், வனவிலங்கு என்று எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, முகத்துக்கு என்று கட்டம் இல்லாததால் 'காய்கறி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். பத்து நாள் கழித்து அவள் மூக்குக்கண்ணாடியோடு ஒரு பிஞ்சு வந்தது.

அதற்குப் பிறகு ரோப் லேனில் யாரும் வானிலையைப் பற்றிப் பேசவில்லை. "காய் எப்படி இருக்குது?" என்றுதான் கேட்டுக்கொண்டார்கள். முன்கதவைத் தட்டத் தயங்கியவர்கள் இப்போது தட்டாமலே பின்பக்கமாக வந்தார்கள், தங்கள் முகத்தில் ஒட்டிய மண்ணை ஈரத்துணியால் துடைத்தார்கள், பக்கத்து முகத்துக்கு வெயில் படும்படி இலையை ஒதுக்கி விட்டார்கள். கண்ணாடியில் பார்ப்பதைவிட இதில் நன்றாக இருக்கிறேன் என்று கிழவர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஒருவர் கடற்பாசி உரம் கொண்டுவந்து கொட்டினார், ஒருவர் காய்க்கு அடியில் வைக்க வைக்கோல் கொண்டுவந்தார், மீன்கடைக்காரர் பழைய வலையைக் கொடுத்துக் காய்களைத் தொட்டில் கட்டச் சொன்னார். சும்மா கையை வீசி வரக் கூசியவர்கள் வீட்டில் ஓடாமல் கிடந்ததைத் தூக்கிவந்தார்கள். ஃபெர்கஸின் புல்வெட்டும் மிஷின், ஐலாவின் முடி உலர்த்தும் மிஷின், மீன்கடை ஐஸ்பெட்டியின் விசிறி, கடைசியில் சர்ச் ஆர்கனுக்குக் காற்றடிக்கிற, தூக்கவே நாலு ஆள் வேண்டியிருந்த மோட்டார். சென்னியப்பன் சமையலறை மேசையில் செப்புக்கம்பியைப் பரப்பிக்கொண்டு காயில் கட்டினார். கோகிலவாணி ஜன்னலுக்குத் திரை தைத்தாள், சுவரில் ஆணி அடித்தாள், தேங்காய் எண்ணெய் உறையாத ஓர் இடத்தை அந்த வீட்டில் கண்டுபிடித்தாள்.

பார்க்க வராதவர் ஒரே ஒருவர்தான். பக்கத்தில் ஐந்தாம் நம்பர் வீட்டில் இருந்த மொராக் அம்மாள், எழுபது வயது, புருஷன் போன இரண்டு வருஷமாகக் கதவைத் திறப்பதே அபூர்வம். இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஆள் உயரப் பலகை வேலி. அவருடைய முகமும் செப்டம்பர் தொடக்கத்தில் உதட்டை இறுக்கிக்கொண்டு காய்த்தது, ஃபெர்கஸ் போய்ச் சொன்னதற்கு, "நான் எப்படி இருக்கறேன்னு எனக்குத் தெரியும்" என்று பதில் வந்தது.

மொராக் அம்மாளின் முகம் வந்த அதே வாரத்தில் கோகிலவாணியின் முகமும் வந்தது. நெற்றியில் பொட்டு இருந்த இடத்தில் ஒரு சின்ன மேடு, மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு பனித்துளி. தெருவே வந்து அவளுக்குக் கைகொடுத்தது, ஒன்பதாம் நம்பர் சகோதரிகள் கேக் செய்து கொண்டுவந்தார்கள். சென்னியப்பனும் எல்லாரையும்விடச் சத்தமாகச் சந்தோஷப்பட்டார், ராத்திரி சாப்பிடும்போது மட்டும் தட்டைப் பார்த்தபடி, "ஃபெர்கஸ் வீட்டுப் பூனைகூடக் காய்ச்சிருச்சு அம்மணி" என்றார்.

"எந்தப் பூனைங்க?"

"ஒத்தக் கண்ணுப் பூனை. அந்தக் கண்ணு இல்லாமயே காய்ச்சிருக்குது. நான்தான் இன்னும் வல்ல."

"வரும் மாமா. பூ இருக்குதில்லீங்."

பூ இருந்தது, உதிர்ந்தது, காய்த்தது, ஒவ்வொன்றும் வேறு யாராகவோ இருந்தது. காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் ஓடிப்போய் இலை இலையாகப் புரட்டிப் பார்க்கிற வழக்கம் அவருக்கு வந்துவிட்டது. வெளியில் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. தண்ணீர் ஊற்றியவன் நான், பேசி வளர்த்தவன் நான், வந்து இறங்கிய முதல் நாளே தெருவில் இருக்கிற அத்தனை பேரையும் நினைத்துக்கொண்டவன் நான், இந்த மண்ணுக்கு என்னை மட்டும் அடையாளம் தெரியவில்லையா என்று மனசுக்குள் பொருமினார். அந்த வருத்தத்தில் ஒரு பக்கம் நியாயமும் இருந்தது, ஒரு பக்கம் சின்னப் பிள்ளைத்தனமும் இருந்தது.

செப்டம்பர் கடைசியில் கோகிலவாணி ஒரு பேப்பரோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் அவளை நிரந்தரமாக வைத்துக்கொள்ள விரும்பினார்கள், வீட்டையும் கூடவே தருவதாகச் சொன்னார்கள். அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். போடாவிட்டால் பொங்கலுக்குக் காங்கேயத்தில் இருக்கலாம். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது, அந்த வார்டில் இருந்த கிழவர்களைப் பிடித்திருந்தது, கடல் தெரிகிற அந்த மாடி ஜன்னலை ரொம்பவும் பிடித்திருந்தது. பேப்பரை மேசையில் வைத்துவிட்டு, "நீங்க சொல்லுங்க மாமா. உங்களுக்கு இங்க இருக்க ஆகாதுன்னா நான் போடமாட்டேன்" என்றாள்.

அவர் செப்புக்கம்பியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. "பனி விழறதுக்குள்ள என்ற மூஞ்சி காய்ச்சா இருக்கலாம். காய்க்கலைன்னா போயரலாம்."

"ஒரு காயக் கேட்டுட்டா குடும்பம் பண்ணோணும்?"

"ஊரு முச்சூடும் தெரிஞ்ச மனுசனா இருந்தவன் அம்மணி நானு. இந்த மண்ணுக்கு என்னையத் தெரியோணுமா வேண்டாமா?"

"தெரு முச்சூடும் உங்க கையில ஓடுது. ஆர்கன் சத்தம் கேக்கறப்பெல்லாம் சாமியார் உங்க பேரச் சொல்றாரு. இதுக்கு மேல என்னங்க தெரியோணும்?" என்றாள் கோகிலவாணி. "எனக்கு இந்த வீடு வேணுமுங்க. நீங்களும் வேணும். ரெண்டையும் ஒரு பூசணிக்காகிட்டக் கொண்டுபோய் அடமானம் வெச்சுட்டீங்களே."

அவர் வாயிலிருந்து போன வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை. அக்டோபர் முழுவதும் இரண்டு பேரும் அன்பாகவே பேசிக்கொண்டார்கள், அந்தப் பேப்பர் மட்டும் உப்பு ஜாடிக்கு அடியில் மடித்தபடி கிடந்தது. அவர் கொடியிடம் பேசுவது இன்னும் அதிகமாயிற்று. கெஞ்சினார், மிரட்டினார், காங்கேயத்துக் கதையெல்லாம் தீர்ந்துபோய் கிர்க்வேன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார், ஃபெர்கஸின் புல்வெட்டும் மிஷின் எப்படிக் கருகியது, ஐலாவுக்கு யார்மேல் ஆசை, சகோதரிகளில் யார் பியானோவை யாருக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்பதையெல்லாம்.

இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் ரேடியோவில் சொல்லிவிட்டார்கள், இன்றைக்கு ராத்திரி மைனஸ் நாலு. மூன்று மணிக்கெல்லாம் தெரு முழுவதும் கூடைகளோடும் போர்வைகளோடும் அவர் தோட்டத்துக்கு வந்துவிட்டது. சென்னியப்பன் கத்தியைத் தீட்டிக்கொண்டு, ஒரு சாண் காம்பு விட்டு வெட்டினால் ஆறு மாதத்துக்குக் கெடாது, வெறும் தரையில் வைக்காதீர்கள், ஈரத்தில் வைக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு முகமாக வெட்டி அதற்குரியவர் கையில் கொடுத்தார். சாம்பல் பூத்துப் பவுடர் போட்ட மாதிரி இருந்த அந்த முகங்களை அவர்கள் கைக்குழந்தையை வாங்குகிற பதனத்தோடு வாங்கினார்கள். ஒன்பதாம் நம்பர் சகோதரிகள் ஒட்டின காயை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஃபெர்கஸ் தன் சாய்ந்த மூக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"சென்னி, உங்களுது எங்கீங்க?"

"என்ற மூஞ்சி வரலீங்க" என்றார் சென்னியப்பன், ரொம்பச் சாதாரணமாகச் சொல்ல முயன்று.

அத்தனை பேரும் கையில் தங்கள் தங்கள் முகத்தோடு அப்படியே நின்றுவிட்டார்கள். மூன்று மாதமாகத் தினமும் வந்து போனவர்கள், ஒருவருக்கும் இது தோன்றவே இல்லை. எங்காவது இருக்கும், தோட்டக்காரர் தனியாக எடுத்து வைத்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். முதலில் ஐலா தன் காயைக் கீழே வைத்துவிட்டு முழங்காலிட்டாள். அடுத்து ஃபெர்கஸ், அடுத்து சாமியார் அங்கியோடு, அடுத்து மூட்டுவலிக்காரச் சகோதரிகள், கவுன்சில் அதிகாரி நல்ல பாவாடையோடு. இருட்டத் தொடங்கியபோது டார்ச் விளக்குகளை ஏற்றிக்கொண்டு ஓர் இலை விடாமல், ஒரு கணு விடாமல், வைக்கோலுக்கு அடியில்கூட விடாமல், தெருவே மண்டியிட்டு அவர் முகத்தைத் தேடியது. கிடைக்கவில்லை. ஐலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஃபெர்கஸ் தன் காயை நீட்டி, "இத வெச்சுக்கோங்க, எனக்குத்தான் கண்ணாடி இருக்குதே" என்றார். சென்னியப்பன் சிரித்து, அவர் தோளைத் தட்டி, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்.

வீட்டுக்குள் வந்தவர், தனக்காக இத்தனை பேர் மண்டியிட்டதை நினைத்து நெஞ்சு நிறைந்தும், கிடைக்காததை நினைத்து அது காலியாகியும், இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். "பெட்டிய எறக்கட்டுமா?" என்றார். கோகிலவாணி ரசத்தை அவர் தட்டில் ஊற்றினாள்.

காலையில் கொடி கருகித் துவண்டு கிடந்தது. யாரும் வாங்க வராத மொராக் அம்மாளின் முகம் மட்டும் சமையலறையில் துணி சுற்றி இருந்தது, சொன்ன சொல்படி ஊருக்குக் கிளம்புவதானால் அடுத்தவர் பொருளை வீட்டில் வைத்துவிட்டுப் போகக்கூடாது என்று சென்னியப்பன் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஐந்தாம் நம்பர் கதவைத் தட்டினார். ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. மொராக் அம்மாள் அவரையும் அவர் கையில் இருந்த தன் முகத்தையும் பார்த்தார், உள்ளே நடந்தார், வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. சென்னியப்பன் பின்னாலேயே போனார்.

சமையலறையைத் தாண்டி, தோட்டத்தைத் தாண்டி, வேலியோரமாக ஒரு கண்ணாடிக் கொட்டகை இருந்தது, அந்தம்மாவின் புருஷன் தக்காளி வளர்த்த இடம். வேலிப் பலகைக்கு அடியில் புகுந்து, உடைந்த கண்ணாடி வழியாக உள்ளே வந்து, அந்தக் கதகதப்பில் பச்சை மாறாமல் கிடந்தது பூசணிக்கொடியின் ஒரு கிளை. அதன் நுனியில், மெத்தை போட்ட ஒரு நாற்காலியின்மேல், கம்பளிக் குல்லாய் மாட்டிக்கொண்டு, தெருவில் காய்த்த எல்லாக் காயையும்விடப் பெரியதாக உட்கார்ந்திருந்தது சென்னியப்பனின் முகம். அதற்கு எதிரில் இன்னொரு நாற்காலி, பக்கத்தில் பாதி குடித்த டீ.

அது பேசிக்கொண்டே சிரிக்கிற முகம். வாய் பாதி திறந்து, ஒரு புருவம் ஏறி, அடுத்த வார்த்தைக்கு எதிரில் இருப்பவர் கையைப் பிடிக்கப் போகிற முகம். காங்கேயத்துக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த முகம் அதுதான். இந்த ஏழு மாதமும் தான் இப்படியேதான் இருந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் சென்னியப்பன் கையில் இருந்த காயை மார்போடு அணைத்துக்கொண்டு சின்னப் பிள்ளையாட்டம் அழுதார். அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வந்தது.

"தெனமும் காலைல வேலிக்கு அந்தப் பக்கம் பேசறீங்க" என்றார் மொராக் அம்மாள், அவரைப் பார்க்காமல். "ஒரு வார்த்த புரியாது. என்ற வீட்டுக்காரரும் அப்பிடித்தான், தக்காளிகிட்டப் பேசுவாரு. நீங்க பேசப் பேச நான் இங்க வந்து உக்கோருவேன். ஒரு நாளு பாத்தா இது காய்ச்சிருந்துது."

"நேத்துத் தெருவே தேடுச்சுங்களே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்?"

"கேட்டுட்டுத்தான் இருந்தேன்." அந்தம்மா குல்லாயைச் சரி செய்தார். "எல்லாரும் அவங்கவங்க மூஞ்சிய எடுத்துட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போனாங்க. இதயும் குடுத்தா நீங்களும் எடுத்துட்டு உங்க வீட்டுக்குப் போயிருவீங்க. அது எத்தன கடலுக்கு அக்கட்டால இருக்குதோ, எனக்கென்ன தெரியும்?"

"இல்லீங்க" என்றார் சென்னியப்பன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எங்க வீடு பக்கத்து வீடுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. யோசித்துச் சொன்னதல்ல, வாய் தானாகச் சொன்னது. மொராக் அம்மாள் முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தார், அவர் கையில் இருந்த காயின் உதடு இன்னும் இறுகித்தான் இருந்தது, அந்தம்மாவின் உதடு இறுகியிருக்கவில்லை.

"இது இங்கயே இருக்கட்டுங்க" என்றார் சென்னியப்பன். "உங்களத வேணா நாங்க வெச்சுக்கறோம்."

மொராக் அம்மாள் டீ போட எழுந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது, பிறகு கோகிலவாணியின் குரல், "ஏனுங் மாமா, எங்க போயிட்டீங்க?"

"இங்கதான், பக்கத்து வீட்ல இருக்கறேன். டீ குடிச்சுட்டு வர்றேன். நீ அந்தப் பேப்பர்ல கையெழுத்தப் போட்டுரு அம்மணி."

அந்தப் பக்கம் உப்பு ஜாடியை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"பேனாவ எங்க வெச்சீங்க?" என்று கேட்டாள் கோகிலவாணி, அழுகையும் சிரிப்புமாக.